கம்பம் வரை வந்த இணையம் வீட்டுக்குள் வருவது எப்போது?

இணையத்தை மக்களின் உரிமையாக அறிவித்தது கேரளம். அந்த உரிமை திருவனந்தபுரத்தின் மலையோர ஊராட்சிகளுக்கு எந்த அளவுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது?

திருவனந்தபுரம் மாவட்டத்தின் மேற்கே கழக்கூட்டம். 1990-இல் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் பிறந்த இடம். அங்கே எழுதப்படும் மென்பொருள் உலகம் முழுக்க ஓடுகிறது. அதே மாவட்டத்தின் கிழக்கே, அகத்தியர் மலையின் அடிவாரத்தில் குற்றிச்சல், விதுரா, பெரிங்கம்மலை, அம்பூரி ஊராட்சிகள். அங்குள்ள காட்டுக் குடியிருப்புகளில் காணிக்காரர் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். போன் பேச வேண்டுமானால் 'ரேஞ்ச்' கிடைக்கும் மேட்டைத் தேடிப் போவது அங்கே பலருக்கும் பழகிப்போன விஷயம். இரண்டு இடங்களுக்கும் ஒரே மாவட்ட ஆட்சியர்தான். ஆனால் இணையம் என்று வந்துவிட்டால் இரண்டும் வேறு வேறு காலத்தில் இருக்கின்றன.

இந்த இடைவெளியை மூடுவதாகக் கேரள அரசு கொடுத்த வாக்கின் பெயர் 'கே-ஃபோன்'. கேரள ஃபைபர் ஆப்டிக் நெட்வொர்க் என்பதன் சுருக்கம் அது. 2023 ஜூன் 5 அன்று, திருவனந்தபுரம் சட்டமன்ற வளாகத்தில் முதல்வர் பினராயி விஜயன் அதைத் தொடங்கி வைத்தார். ஒரு மாநில அரசு தனக்கென இணையச் சேவை உரிமம் வாங்கி, சொந்தமாக ஃபைபர் இழுத்து, ஏழைகளுக்கு இலவசமாகவும் மற்றவர்களுக்குக் குறைந்த கட்டணத்திலும் இணையம் தருவது என்பது சாதாரணத் துணிச்சல் அல்ல. அந்தத் துணிச்சலைப் பாராட்டுவோம். அதே மூச்சில், கொடுத்த வாக்கில் எவ்வளவு நிறைவேறியது என்று கணக்கும் கேட்போம்.

உரிமை என்று சொன்ன மாநிலம்

கேரளத்துக்கு இந்தக் கனவு திடீரென்று வந்ததல்ல. 2002 நவம்பர் 18 அன்று, அப்போதைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் 'அட்சயா' திட்டத்தைத் தொடங்கி வைத்தார். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கணினி மையம், குடும்பத்துக்கு ஒருவருக்காவது கணினிப் பழக்கம் என்பதே அதன் குறிக்கோள். மலப்புறம் மாவட்டத்தில் பரிசோதிக்கப்பட்ட அந்த மையங்கள் பிறகு மாநிலம் முழுவதும் பரவின. இன்றைக்கும் சான்றிதழோ ஓய்வூதியமோ ஆதார் திருத்தமோ, எதுவானாலும் கேரளத்துச் சாமானியர் முதலில் போய் நிற்பது அட்சயா மையத்தின் வாசலில்தான்.

அடுத்த பெரிய அடி 2017-இல். அந்த ஆண்டு மார்ச்சில் நிதியமைச்சர் தாமஸ் ஐசக் தாக்கல் செய்த நிதிநிலை அறிக்கை, இணையம் மக்களின் உரிமையாகும் என்று அறிவித்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு, சுமார் 1,000 கோடி ரூபாய் செலவு, 18 மாதங்களில் முடிப்போம் என்பது அன்று சொன்ன கணக்கு.

நீதிமன்றமும் இந்தத் திசையில் நடந்தது. விடுதியில் மாலை நேரத்தில் கைபேசி வைத்திருக்கக் கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான்கு மாதம் கழித்து, 2020 ஜனவரியில், காஷ்மீர் இணைய முடக்கம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே கருத்துச் சொல்வதற்கும் தொழில் செய்வதற்கும் அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டு என்றது.

ஆக, உரிமை என்ற சொல் அரசின் அறிக்கையிலும் ஏறிவிட்டது, நீதிமன்றத் தீர்ப்பிலும் ஏறிவிட்டது. மீதி இருந்தது கம்பி இழுக்கும் வேலை.

மின்கம்பத்தில் ஏறிய கண்ணாடி இழை

கே-ஃபோனின் அடிப்படை யோசனை எளிமையானது, புத்திசாலித்தனமானது. 2017 மே மாதம் கேரளம் முழுமையாக மின்இணைப்பு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. மின்கம்பம் போகாத ஊர் இல்லை என்றால், அந்தக் கம்பத்திலேயே ஃபைபர் கேபிளையும் கட்டிக் கொண்டுபோகலாமே! பூமியைத் தோண்ட வேண்டாம், சாலையை வெட்ட அனுமதி கேட்டு அலைய வேண்டாம். மாநில மின்வாரியமும் கேரள மாநிலத் தகவல் தொழில்நுட்ப உள்கட்டமைப்பு நிறுவனமும் ஆளுக்கு 49 சதவீதப் பங்கும், மாநில அரசு 2 சதவீதப் பங்கும் வைத்துத் தொடங்கிய நிறுவனம்தான் கே-ஃபோன்.

உயர் அழுத்தக் கோபுரங்களின் வழியாக மாவட்டங்களை இணைக்கும் முதுகெலும்புப் பாதை. துணை மின்நிலைய வளாகங்களில் பெரும்பாலும் அமைந்த 375 இணைப்பு மையங்கள். அங்கிருந்து சாலையோர மின்கம்பங்களின் வழியே ஊர்களுக்கும் அலுவலகங்களுக்கும் கிளைகள். மொத்தம் 30,000 கிலோமீட்டருக்கு மேல் கேபிள். பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தலைமையிலான கூட்டு நிறுவனங்களுக்கு 2019-இல் ஒப்பந்தம் தரப்பட்டது. முதலில் 1,028 கோடி என்று மதிப்பிட்ட திட்டம் 1,548 கோடியாக உயர்ந்தது. 18 மாதம் என்று சொன்ன வேலை தொடக்க விழாவைக் காணவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. நடுவில் வெள்ளம் வந்தது, பெருந்தொற்று வந்தது. காரணங்கள் இருந்தன, காத்திருந்தவர்களுக்கு ஆண்டுகள்தான் கழிந்தன.

இந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதைக் கம்பத்தடியில் நின்று பார்த்தால்தான் புரியும். சாலையோரம் ஒரு சிறிய ஸ்டூல், மழைக்கு ஒரு குடை, மடியில் இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் மெஷின். தொழிலாளி கேபிளின் கறுப்பு உறையை உரிக்கிறார். உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நிறம் பூசிய இழைகள். ஒன்றைப் பிரித்து, மேல்பூச்சை வழித்து, ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கிறார். எஞ்சும் கண்ணாடியின் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதன் நடுவே 9 மைக்ரான் அளவே உள்ள பாதையில்தான் ஒளி ஓடுகிறது. முனையை நேராக வெட்டி, இன்னொரு இழையின் முனைக்கு எதிரே மெஷினுக்குள் வைக்கிறார். திரையில் இரண்டு முனைகளும் பெரிதாகத் தெரிகின்றன. நொடியில் ஒரு மின்பொறி. கண்ணாடியும் கண்ணாடியும் உருகி ஒன்றாகின்றன. தூசி ஒன்று ஒட்டியிருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து செய்ய வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை தொடங்கி, துலா மழை எனப்படும் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை ஆண்டின் பாதி நாள் மழை பார்க்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பத்தைப் பகிர்ந்துகொண்டது திட்டத்தின் பலம், பலவீனமும் அதுவே. ரப்பர் மரமோ பலாவோ சாய்ந்து கம்பி அறுந்தால் மின்சாரமும் போகிறது, இணையமும் போகிறது. மின்வாரிய ஊழியர் வந்து மின்கம்பியைச் சரிசெய்த பிறகுதான் ஃபைபர்காரர் ஏற முடியும். சாலை விரிவாக்கத்துக்காகக் கம்பம் மாற்றினாலும் இதே கதைதான். இணைப்பு தருவதோடு வேலை முடிவதில்லை. அறுந்ததை எத்தனை மணி நேரத்தில் ஒட்டுகிறார்கள் என்பதில்தான் கிராமத்து இணையத்தின் தரம் இருக்கிறது.

கொரோனா கற்பித்த பாடம்

இணையம் இல்லாத வீடு என்றால் என்ன என்பதை 2020 ஜூன் 1 அன்று கேரளம் கண்டுகொண்டது. பள்ளிகள் மூடியிருந்த நிலையில், மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான 'கைட்' நடத்தும் விக்டர்ஸ் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகள் தொடங்கின. நாட்டிலேயே முன்னோடி முயற்சி. ஆனால் தொலைக்காட்சியோ இணையமோ இல்லாத மாணவர்கள் சுமார் 2.6 லட்சம் பேர் இருப்பதாக அரசின் கணக்கெடுப்பே சொன்னது. வகுப்பைப் பார்க்க வீட்டில் வழியில்லாமல் போன வேதனையோடு, அன்றே மலப்புறம் மாவட்டத்தில் ஒரு மாணவி உயிரிழந்த செய்தி மாநிலத்தை உலுக்கியது.

அதன் பிறகு ஊர் முழுக்க இறங்கி வேலை செய்தது. அங்கன்வாடிகளிலும் ஊர் நூலகங்களிலும் தொலைக்காட்சி வைத்துப் படிப்பு மையங்கள் திறந்தார்கள். இளைஞர் அமைப்புகள் பழைய தொலைக்காட்சிகளைத் திரட்டிப் பழுது பார்த்து வீடு வீடாகக் கொடுத்தன. மூணாறு பகுதியின் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் மலைச்சாலை வரை நடந்து வந்து, ஓரத்தில் உட்கார்ந்து பாடம் படித்த படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

அந்த ஆண்டு கற்பித்தது ஒன்றுதான். படிப்பில் நாட்டுக்கே முன்னால் நிற்கும் மாநிலத்தில்கூட, இணைப்பு இல்லாத வீட்டுப் பிள்ளை முதல் நாளே பின்தங்கிவிடுகிறது. பிள்ளையின் அறிவுக்கும் உழைப்புக்கும் அதில் சம்பந்தமே இல்லை.

20 லட்சமும் 14 ஆயிரமும்

இப்போது கணக்குக்கு வருவோம். கே-ஃபோன் தொடங்கியபோது முதல் கட்ட இலக்கு இதுதான்: 140 சட்டமன்றத் தொகுதிகள், தொகுதிக்கு 100 ஏழைக் குடும்பங்கள், ஆக 14,000 இலவச இணைப்புகள். கூடவே 30,000 அரசு அலுவலகங்கள், பள்ளிகள், மருத்துவமனைகள். பொதுமக்களுக்கு நொடிக்கு 20 மெகாபிட் வேகம் மாதம் 299 ரூபாய்க்கு. 250 மெகாபிட் 1,249 ரூபாய்க்கு. வரி தனி. வீடுகளுக்கு இணைப்பு தரும் வேலை அந்தந்த ஊர் கேபிள் டிவி ஆபரேட்டர்களிடம் கொடுக்கப்பட்டது. அது நல்ல முடிவு. ஊரின் ஒவ்வொரு சந்தும் ஒவ்வொரு வீடும் அவர்களுக்குத் தெரியும்; பழுது என்றால் தெருமுனையில் பிடித்துக் கேட்கலாம்.

2025-இல் மொத்த இணைப்புகள் ஒரு லட்சத்தைத் தாண்டின. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு அலுவலகங்கள் இந்த வலையில் வந்துவிட்டன. இவை உண்மையான சாதனைகள். ஆனால் இலவச இணைப்பு பெற்ற ஏழைக் குடும்பங்கள் அப்போதும் 14,000-ஐச் சுற்றியே நின்றன. சொன்னது 20 லட்சம். அந்தக் கணக்கில், நூறு குடும்பத்துக்கு வாக்குக் கொடுத்து ஒரு குடும்பத்துக்குக்கூட முழுதாகக் கொடுத்து முடிக்கவில்லை.

ஏன் இப்படி? தொழில்நுட்பம் தடையாக இல்லை. ஊருக்குள் வரும் ஒரே இழையை ஸ்பிளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கலாம். தெருக்கம்பம் வரை ஃபைபர் வந்துவிட்டால் அடுத்த வீட்டைச் சேர்ப்பதற்கு வேண்டியது கொஞ்சம் டிராப் கேபிள், ஒரு மோடம், ஓர் ஆளின் அரைநாள் உழைப்பு. தடை பணத்தில் இருக்கிறது. திட்டச் செலவின் பெரும்பகுதி 'கிஃப்பி' எனப்படும் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியத்தின் கடன். கடனை அடைக்க வேண்டிய நிறுவனம் வருமானம் வரும் வாடிக்கையாளரைத்தான் முதலில் தேடும். உபரி இழைகளைத் தனியார் நிறுவனங்களுக்கு வாடகைக்கு விடும். பணம் கட்டும் வீடுகளைப் பிடிக்கும். வருமானமே தராத ஏழை வீடு வரிசையில் கடைசிக்குப் போகும். நிறுவனத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. கடன் அடைக்கும் பொறுப்பையும் சமூக நீதிப் பொறுப்பையும் ஒரே தோளில் ஏற்றிவிட்டு, இரண்டாவதற்குத் தனியாக நிதி ஒதுக்காதது கொள்கையின் குறை.

அரசியல் சர்ச்சையும் ஓயவில்லை. ஒப்பந்தத் தொகை உயர்ந்தது, ஒப்பந்ததாரருக்கு முன்பணம் கொடுத்தது ஆகியவை பற்றிக் கேள்விகள் எழுந்தன. எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசன் சி.பி.ஐ. விசாரணை கோரி உயர் நீதிமன்றம் போனார். 2024 செப்டம்பரில் அந்த மனு தள்ளுபடியானது. பொதுப்பணத்தின் கணக்கைக் கேட்பது அவசியம்தான். ஆனால் கேபிள் எங்கிருந்து வாங்கினார்கள் என்று சட்டமன்றத்தில் எழுந்த சத்தத்தில் ஒரு பங்குகூட, அந்தக் கேபிள் ஏன் இன்னும் ஏழை வீட்டுக்குள் போகவில்லை என்பதற்கு எழவில்லை. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டிய கேள்வி அது.

விரல் ரேகைக்குக் காத்திருக்கும் வரிசை

கைபேசி டேட்டாதான் எல்லாரிடமும் இருக்கிறதே, வீட்டுக்கு ஃபைபர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மலையோர ஊராட்சியில் ஒரு வாரம் இருந்தால் அந்தக் கேள்வி எழாது.

சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறுவோர் உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் உறுதிசெய்ய வேண்டும். கேரளத்தில் இதற்கு 'மஸ்டரிங்' என்று பெயர். அட்சயா மையத்துக்குப் போய், கருவியில் விரலை வைக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டியும் மரவள்ளி பிடுங்கியும் தேய்ந்த விரல்கள். ரேகை எளிதில் பதியாது. துடைத்து மறுபடி வைப்பார்கள். அதுவும் பதியாவிட்டால் கண்ணைப் படம் பிடிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நெட் இழுத்துக்கொண்டு நிற்கும். திரையில் வட்டம் சுற்றும். வெளியே பெஞ்சில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இன்று முடியாது, நாளை வாருங்கள் என்றால், காட்டோரத்திலிருந்து ஜீப்புக்குக் காசு கொடுத்து வந்தவருக்கு அன்றைய கூலியும் போயிற்று. மையத்துக்கு 30 ரூபாய் கட்டணம் என்று அரசு நிர்ணயித்திருக்கிறது. வந்து போகும் செலவு அதைவிடப் பல மடங்கு.

நூறு நாள் வேலைக்கும் இணையம் வேண்டியதாயிற்று. 2023 ஜனவரி முதல், பணியிடத்தில் ஆட்களை நிற்க வைத்து ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றுவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் கிடைக்காத மலைச்சரிவில் வரப்பு கட்டும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உழைப்பு நடந்திருக்கும், படம் ஏறாவிட்டால் வருகைப் பதிவு சிக்கலாகும்.

ஊராட்சி அலுவலகமும் இணையத்துக்கு இடம் மாறிவிட்டது. பிறப்பு, இறப்புப் பதிவு, திருமணப் பதிவு, கட்டட அனுமதி, சொத்து வரி என அத்தனையையும் ஒரே தளத்தில் தரும் 'கே-ஸ்மார்ட்' 2024 ஜனவரி 1-இல் நகரங்களில் தொடங்கி, 2025 ஏப்ரலில் கிராம ஊராட்சிகளுக்கும் வந்தது. வீட்டிலிருந்தபடியே விண்ணப்பிக்கலாம், அலுவலகத்துக்கு அலைய வேண்டாம் என்பது அதன் சிறப்பு. வீட்டில் இணையம் இருப்பவருக்கு அது வரம். இல்லாதவருக்கோ, முன்பு ஊராட்சி அலுவலகத்தில் நேராகப் போய் நின்றவர் இப்போது இடைத்தரகருக்கும் காசு கொடுக்க வேண்டிய நிலை. அரசு தன் கதவை இணையத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டது. அந்தக் கதவு வரை பாதை போட்டுத் தருவதும் அரசின் கடமைதானே?

புல்லம்பாறை காட்டிய வழி

கம்பி மட்டும் போதாது என்பதற்கும், மனம் வைத்தால் முடியும் என்பதற்கும் இதே மாவட்டத்தில் ஒரு சான்று இருக்கிறது. நெடுமங்காடு வட்டத்தில், வெஞ்ஞாறமூடு அருகே உள்ள புல்லம்பாறை ஊராட்சி. கொரோனாக் காலத்தில் வங்கிக்கும் ரேஷன் கடைக்கும் போக முடியாமல் மக்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, 2021 ஆகஸ்டில் 'டிஜி புல்லம்பாறை' என்ற முயற்சி தொடங்கியது. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கண்டறிந்தார்கள்.

பிறகு அவர்களை வகுப்புக்கு வரச் சொல்லவில்லை. வகுப்பு அவர்களிடம் போனது. நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், மதிய இடைவேளையில் மர நிழலில் பாடம். குடும்பஸ்ரீ மகளிர் குழுக் கூட்டத்தில் பாடம். வர முடியாத முதியவருக்கு அவர் வீட்டுத் திண்ணையில் பாடம். தன்னார்வலர்களில் பலர் அந்த ஊரின் கல்லூரிப் பிள்ளைகள். வீடியோ காலில் வெளிநாட்டுப் பேரனைப் பார்ப்பது எப்படி என்பதில் தொடங்கி, மின்கட்டணம் கட்டுவது, அரசு இணையதளத்தில் விண்ணப்பிப்பது வரை கற்றுக்கொடுத்தார்கள். 2022 செப்டம்பர் 21 அன்று புல்லம்பாறை, நாட்டின் முதல் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது.

இதையே மாநிலம் முழுவதும் விரித்தார்கள். 83 லட்சம் குடும்பங்களில் கணக்கெடுத்து, சுமார் 21.88 லட்சம் பேருக்கு டிஜிட்டல் அறிவு இல்லை என்று கண்டறிந்து, ஏறத்தாழ அனைவருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். உச்ச வயது வரம்பு வைக்கவில்லை. நூறைக் கடந்தவர்களும் கற்றார்கள். 2025 ஆகஸ்ட் 21 அன்று திருவனந்தபுரத்தில் கேரளம் முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது.

இந்த வெற்றியில் ஒரு பாடம் இருக்கிறது. பயிற்சித் திட்டம் மனிதர்களைக் கணக்கெடுத்தது. ஒவ்வொருவரும் யார், எந்த வார்டு, என்ன தெரியாது என்று பட்டியல் வைத்துக்கொண்டு கடைசி ஆள் வரை தேடிப் போனது. ஃபைபர் திட்டம் கிலோமீட்டரைக் கணக்கெடுத்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொடுத்த அதே அரசால், இருபது லட்சம் வீடுகளைப் பட்டியல் போட்டு இணைக்க முடியாதா?

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம்

பாறசாலையைத் தாண்டிக் களியக்காவிளை வந்தால் தமிழ்நாடு. அங்கேயும் இதே கேள்விதான். மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் தந்த தேசிய ஃபைபர் திட்டம் பின்னர் 'பாரத்நெட்' ஆனது. இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஃபைபரால் இணைப்பது நோக்கம். அதில் முழுமையாக இணைந்த முதல் மாவட்டம் என்ற பெயரை 2015 ஜனவரியில் பெற்றது கேரளத்தின் இடுக்கி.

தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு ஒரு ஜிகாபிட் வேகம் தரும் பொறுப்பு, 2018-இல் அமைந்த 'டான்ஃபிநெட்' நிறுவனத்திடம் தரப்பட்டது. டெண்டர் நிபந்தனைகள் போட்டியைத் தடுப்பதாக எழுந்த புகாரில், 2020-இல் அந்த டெண்டரே ரத்தாகி, வேலை தாமதமானது. பிறகு 1,815 கோடி ரூபாய் மதிப்பில், கேரள எல்லையை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்தின் முத்தலக்குறிச்சி ஊராட்சியில் 2022-இல் பணி தொடங்கியது. இங்கும் 85 சதவீதக் கேபிள் மின்கம்பங்களில்தான் போகிறது.

இரண்டு மாநிலங்களும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கலாம். ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் போய், அங்கே ஒரு பெட்டிக்குள் மின்னிக்கொண்டிருப்பதால் மட்டும் ஊருக்குப் பலன் இல்லை என்பது நாடு முழுவதும் பாரத்நெட் கண்ட அனுபவம். ஊர் கேபிள் ஆபரேட்டரைக் கூட்டாளியாக்கிய கேரளத்தின் வழியைத் தமிழ்நாடு கவனிக்கலாம். கிராமத்தில் உட்கார்ந்தே உலகத்தரத் தொழில் செய்ய முடியும் என்று தென்காசி அருகே மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் 2011 முதலே காட்டியதைக் கேரளம் கவனித்தது. 2025-இல் அதே நிறுவனம் கொட்டாரக்கரையிலும் கால் பதித்தது. நல்ல இணையம் இருக்கும் சிற்றூரில் படித்த பிள்ளைக்கு ஊரிலேயே வேலை கிடைக்கும் வாய்ப்பு பிறக்கிறது. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, முதியவர்கள் மட்டும் காவல் காக்கும் வீடுகள் பெருகிவரும் கேரளத்துக்கு இது உயிர்ப்பிரச்சினை.

காட்டுக்குள் எப்படிப் போவது?

காணிக்காரர் குடியிருப்புகளுக்கு மின்கம்ப வழி அப்படியே பொருந்தாது. வீடுகள் சரிவுகளில் சிதறிக் கிடக்கின்றன. காப்புக்காட்டுக்குள் ஒரு கம்பி இழுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். யானை நடமாடும் பாதையில் கம்பமோ கேபிளோ நிலைப்பது அரிது. தனியார் செல்போன் நிறுவனங்களுக்கு நூறு பேர் வாழும் குடியிருப்பில் டவர் வைத்து லாபம் பார்க்க வழியில்லை.

ஆனால் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. இடுக்கியில், தமிழின் சாயல் கொண்ட மொழி பேசும் முதுவர் மக்கள் வாழும் இடமலைக்குடி, 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியானது. அங்கே மூணாறிலிருந்து காட்டு வழியே ஃபைபர் கொண்டுபோய் பி.எஸ்.என்.எல். டவருக்கு உயிர் கொடுத்தார்கள். மாநிலப் பழங்குடியினர் நலத்துறை பணம் போட்டது. சிக்னல் இல்லாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 26,316 கோடி ரூபாயை மத்திய அரசு 2022-இல் ஒப்புக்கொண்டது. குடியிருப்புக்கு அருகே பள்ளியிலோ அங்கன்வாடியிலோ ஃபைபரை நிறுத்தி, அங்கிருந்து வைஃபை மூலமோ வானலை மூலமோ வீடுகளுக்குப் பரப்பலாம். அதுவும் முடியாத இடத்துக்குச் செயற்கைக்கோள் இணையம் இருக்கிறது. அதன் கட்டணத்தைப் பழங்குடிக் குடும்பம் தாங்காது, அரசுதான் ஏற்க வேண்டும். எந்தக் குடியிருப்புக்கு எந்த வழி என்பதை அந்த மக்களின் ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். காட்டின் பாதையை அவர்களைவிட அறிந்தவர் யார்?

உரிமைக்கு அளவுகோல் வேண்டும்

2010 ஜூலை 1 முதல் பின்லாந்தில், நொடிக்கு ஒரு மெகாபிட் வேக இணையம் ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்டப்படியான உரிமை. உலகில் முதன்முதலாக அப்படிச் சட்டம் செய்த நாடு அது. அன்றைக்கு அந்த வேகம் அடிப்படைத் தேவைக்குப் போதும். முக்கியமானது வேகம் அல்ல. சட்டம் ஓர் எண்ணைச் சொன்னது, அதைக் கொடுக்க வேண்டிய நிறுவனம் எது என்று பெயரிட்டது. பிரிட்டனில் 2020 மார்ச் முதல், 10 மெகாபிட் வேகம் கிடைக்காத வீடு அதைக் கேட்டு வாங்கும் சட்ட உரிமை பெற்றது. கேரளத்தின் அறிவிப்பில் உரிமை என்ற சொல் இருக்கிறது. குறைந்தபட்ச வேகம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பழுதானால் எத்தனை மணி நேரத்தில், கிடைக்காவிட்டால் யாரிடம் முறையிடுவது என்பவை இல்லை. அளவு சொல்லாத உரிமையை எந்த அலுவலகத்திலும் போய்க் கேட்டு வாங்க முடியாது.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. இணைய உரிமையைச் சட்டமாக்கி, வேகத்தையும் பழுது நீக்கும் கால வரம்பையும் அதில் எழுத வேண்டும். 20 லட்சம் குடும்பங்களின் பட்டியலை வார்டு வாரியாக ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். யாருக்குக் கிடைத்தது, யாருக்கு எப்போது என்று கிராம சபையில் படிக்க வேண்டும். இலவச இணைப்புக்கான பணத்தை கே-ஃபோனின் கடன் கணக்கில் கலக்காமல் மாநில நிதிநிலை அறிக்கையில் தனியாக ஒதுக்க வேண்டும். தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருமானத்தில் 5 சதவீதத்தை ஊரகச் சேவைக்கென்றே மத்திய அரசு வசூலிக்கிறது. இன்று 'டிஜிட்டல் பாரத் நிதி' என்ற பெயரில் இருக்கும் அந்தப் பணத்தில் கடைசி வீட்டுக்கான செலவுக்குக் கேரளமும் தமிழ்நாடும் சேர்ந்தே பங்கு கேட்க வேண்டும். ஊர் கேபிள் ஆபரேட்டருக்கு, ஏழை வீட்டு இணைப்பைப் பராமரிப்பதற்கும் நியாயமான தொகை தர வேண்டும்.

மலையோர ஊராட்சிகளில் வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு பற்றிக் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: நம் வார்டில் இலவச இணையம் பெறத் தகுதியான குடும்பங்கள் எத்தனை, அதில் எத்தனை வீட்டுக்கு இணைப்பு வந்திருக்கிறது, மீதிக்கு எந்தத் தேதி? பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிறப்பைப் பதிவுசெய்யவும் ஓய்வூதியம் வாங்கவும் இணையத்தைக் கட்டாயமாக்கிய அரசு, அந்த இணையத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தே தீர வேண்டும்.